குழி ஓவர்சியர்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் ஒரு பழைய கோப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். நான் வேலை பார்த்த பஞ்சாயத்து போர்டு இப்போது நகராட்சி ஆகிவிட்டது. அங்கே இவர்கள் இருவரும் பொறியாளர்கள். ஊர்க் குப்பையைக் கொட்டப் புது இடம் தேடுகிறார்களாம். அதற்காகப் பழைய கோப்புகளைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

"சார், இதுல குமாஸ்தா தப்பா எழுதிட்டாரு போலக்குது" என்றான் பெரியவன். "திட்டம் வரைந்தவர்னு உங்க பேரு இருக்கு. அதுக்குக் கீழயே, ஆட்சேபணை கொடுத்தவர்னு போட்டு, 'மேற்படியார்'னு எழுதியிருக்கு. நெஜமா ஆட்சேபணை கொடுத்தது யாரு சார்?"

கோப்பை வாங்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஆகியும் மை கொஞ்சங்கூட மங்கவில்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தப்பெல்லாம் இல்ல தம்பி, உக்காருங்க" என்றேன். இரண்டு தடவை காபி வந்தும் கதை முடியவில்லை. அதனால்தான் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தற்பெருமை ஜாஸ்தியாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்ததைச் சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

என் வேலைக்கு அந்தக் காலத்தில் சரியான பெயர் கிடையாது. பதவி ஓவர்சியர். செய்தது இரண்டு காரியம். ஆற்றில் மணல், மலையடியில் கல், ஏரியில் மண், இதையெல்லாம் எங்கே, எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்று இடம் குறித்துக் கொடுப்பது ஒன்று. ஊர்க் குப்பை, தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு, இடித்த வீட்டுக் காரை, இதையெல்லாம் எங்கே கொட்டலாம் என்று இடம் குறித்துக் கொடுப்பது இன்னொன்று. குழி வெட்டவும் என்னிடம் வர வேண்டும், குழியை ரொப்பவும் என்னிடம் வர வேண்டும். ஆகவே ஊரில் எனக்குக் 'குழி ஓவர்சியர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குப் பெண் கேட்டுப் போனபோது என் மாமனார், "மாப்பிள்ளைக்கு இடுகாட்டுல வேலையா?" என்று கேட்டாராம்.

நாங்கள் குடியாத்தத்து நெசவுக் குடும்பம். அப்பாவும் அண்ணன்களும் தறியில் லுங்கி நெய்தார்கள். நான் ஒருவன் மட்டும் சென்னைக்குப் போய் ஓவர்சியர் படிப்பு படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. செயின் பிடித்து நிலம் அளந்தேன், மெஸ்ஸில் தினமும் கத்தரிக்காய் தின்றேன். சுதந்திரம் வந்த மறு வருஷம், ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையிலிருந்த ஒரு பஞ்சாயத்து போர்டில் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

சேர்ந்த மூன்றாவது வாரமே மானம் கப்பலேறியது. டேனரிகளில் எவ்வளவு கழிவு சேர்கிறது என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பினார்கள். முதலில் போனது காதர் பாயின் டேனரிக்கு. ஊரிலிருந்த டேனரி முதலாளிகள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவர் அவர்தான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அந்த நாளில் தோலை முதலில் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு மயிரைக் களைவார்கள். ஒட்டியிருக்கும் ஜவ்வைக் கத்தியால் சீவுவார்கள். பிறகு ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர்க் குழியில் நாள்கணக்கில் போட்டுவைப்பார்கள். அந்தப் பட்டைக் குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்க, கையிலிருந்த அளவுக் கம்பியை உள்ளே விட்டேன். ஐந்தடி இரும்புக் கம்பி, அரைவாசி துரு.

"அய்யய்யோ! பட்டைத் தண்ணில இரும்ப வுடறியே! எடுய்யா வெளிய!" என்று மேஸ்திரி அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

எடுத்தேன். கம்பி பட்ட தோலில் மையைக் கொட்டியது போலக் கறுப்புத் திட்டு. தேய்த்தாலும் போகாது, கழுவினாலும் போகாது. பட்டைத் தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துப்போகும் என்பது டேனரியில் தரை பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். அதனால்தான் அங்கே வாளி மரம், கிளறுகிற கழி மூங்கில். சென்னையில் படித்து வந்த எனக்குத்தான் தெரியவில்லை. வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

காதர் பாய் கோபிக்கவில்லை. தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓவர்சியர் சாப், இந்தத் தோலு இனிமே வெளியூரு போவாது. உங்களுக்கே செருப்பு தெச்சுத் தந்துடறேன். போட்டுக்கினு நடங்க, ஞாபகம் இருக்கும்."

சொன்னபடி தைத்தும் அனுப்பிவிட்டார். மஞ்சள் தோலில் கறுப்புத் திட்டு போட்ட செருப்பு. ரோஷம் வந்து திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் போட்டுப் பார்த்தால் காலுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ரோஷத்தை விட்டேன், செருப்பை விடவில்லை.

அடுத்து என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிர்வாக அதிகாரி தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கையில் எப்போதும் குடை. நான் பார்த்தவரை அவர் யாரையும் சத்தம் போட்டதில்லை. தன் கையெழுத்தில் அவருக்கு அபாரமான கர்வம். கடை மையைத் தொடமாட்டார். 'ரெண்டு மழைக்கு நிக்காது' என்பார். கடுக்காயைத் தட்டி ஊறவைத்து, வடிகட்டி, அதில் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டுத் தன் மையைத் தானே காய்ச்சிக்கொள்வார். சனிக்கிழமை மதியம் அவர் அறையில் அந்த வேலை நடக்கும். அப்போது கையெழுத்து வாங்கப் போனால் விரலெல்லாம் கறுப்பாக உட்கார்ந்திருப்பார், யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

நாம் பத்துப் பக்கம் எழுதி வைத்தாலும் கோப்பு திரும்பி வரும்போது ஓரத்தில் இரண்டே சொல் இருக்கும்: 'நடந்து பார்த்தீரா?'

ஆரம்பத்தில் ஒருமுறை, ஒரு கல்குவாரி விஷயத்தில், போகாமலே 'பார்த்தேன்' என்று எழுதிவிட்டேன். மணி பன்னிரண்டு. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, போலாம்" என்றார். நாலு மைல் வெயிலில் நடந்தோம். வெடி வைக்கலாம் என்று நான் குறித்திருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு கிணறு இருந்தது. இரண்டு பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். "உங்க படத்துல இந்தக் கெணத்தைக் காணோமே" என்றார். அவ்வளவுதான். வைதிருந்தால் எவ்வளவோ தேவலை. அதற்குப் பிறகு நான் போகாத இடத்தைப் பார்த்ததாக எழுதியதே இல்லை.

நடக்க ஆரம்பித்த பிறகு எனக்கு வெற்றிமேல் வெற்றி. குப்பைமேட்டுக்கு மூன்று இடம் பரிசீலனையில் இருந்தபோது, காற்று எந்தப் பக்கம் ஜாஸ்தி அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள, அண்ணன் தறியில் நெய்த பழைய லுங்கிகளை மூன்று மூங்கிலில் கட்டி மூன்று இடத்திலும் நட்டேன். எட்டு மாதம், காலையும் மாலையும், எந்தத் திசையில் பறக்கிறது என்று குறித்தேன். கட்டம் போட்ட கொடியைப் பார்த்து, ஊரில் புதுக் கட்சி வந்துவிட்டது, தலைவர் குடியாத்தத்துக்காரராம் என்று பேச்சு கிளம்பியது. நான் கண்டுகொள்ளவில்லை. அன்று நான் குறித்த இடத்திலிருந்து ஊருக்குள் நாற்றம் வந்ததாக ஒரு புகார்கூட வரவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

இப்படி ஜெயித்து ஜெயித்துத் தலைக்கனம் ஏறியிருந்த சமயத்தில்தான் அந்தத் திட்டம் போட்டேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. மணல் அள்ளி அள்ளி ஆற்றில் பெரும் பள்ளம் விழுந்திருந்தது. மாடுகள் விழுந்து கால் ஒடிந்தன. இன்னொரு பக்கம், டேனரிகளிலிருந்து வரும் பட்டைச் சக்கை, சுண்ணாம்புச் சேறு, ஜவ்வு, மயிர் எல்லாம் ரோட்டோரம் குவிந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. என் யோசனை ஒரே வரிதான்: மணல் எடுத்த பள்ளத்தில் டேனரிக் கழிவைக் கொட்டி, மேலே மணலைப் போட்டு மூடிவிடு. பள்ளமும் தீர்ந்தது, நாற்றமும் தீர்ந்தது. மூன்று வண்ணத்தில் படம் வரைந்தேன். போர்டுத் தலைவர் என் தோளில் தட்டினார். காதர் பாய் ஆளனுப்பி ஒரு குண்டா பிரியாணி கொடுத்துவிட்டார். இந்தத் திட்டம் தேறினால் வேலூரில் பெரிய உத்தியோகம் என்று மேலிடத்திலிருந்து காதில் விழுந்தது.

கோப்பு ஓரத்தில் தேவசகாயம் சாரின் வழக்கமான கேள்வி வந்தது. நான் அதற்குக் கீழே நிமிர்ந்த எழுத்தில் எழுதினேன்: 'பார்த்தேன். பத்தடி தோண்டியும் பார்த்தேன். காய்ந்த மணல்.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவரும் கையெழுத்துப் போட்டார்.

முறை இதுதான். முதலில் சோதனையாக இரண்டு மாதம் கொட்டிப் பார்ப்பது. நடுவில் தண்டோரா போட்டு, போர்டிலும் டேனரி வாசல்களிலும் கீழத்தெரு முனையிலும் அறிவிப்பு ஒட்டுவது. முப்பது நாளைக்குள் ஊரில் யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். கடைசி நாள் சாயந்திரம் ஐந்து மணியோடு கெடு முடியும். பிறகு விசாரணைக் கூட்டம். ஆட்சேபணையே வராவிட்டால் கூட்டமும் கிடையாது, திட்டம் பத்து வருஷத்துக்கு நிலைத்துவிடும்.

புரட்டாசிக் கடைசியில் வண்டிகள் கொட்ட ஆரம்பித்தன. கார்த்திகை பிறந்தது. ஆட்சேபணைப் பதிவேடு காலியாகவே இருந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் காலையில் ராஜம்மா வந்தாள். கீழத்தெருவில் இட்லிக்கடை வைத்திருந்தவள். டேனரி வேலையாட்கள் குடியிருக்கும் தெரு அது. பள்ளத்துக்கு ஒரு பர்லாங் கிழக்கே, ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுத்தான் அந்தத் தெரு முழுவதற்கும் குடிதண்ணீர்.

"இன்னா ஓவர்சியரே, எங்க ஊத்துத் தண்ணி மையா மாறுது, பாக்க மாட்டியா?"

"ஊத்தை நேத்துதான் பாத்தேன். பளிச்சுன்னு இருக்கே."

"ஊத்துல பளிச்சுன்னுதான் கீது. என் டிரம்முல ஊத்தி வச்சா கறுத்துப்போவுது."

"டிரம்மு பழசாயிருக்கும். மாத்து."

"மூணு வருசமா அதே டிரம்முதான். தண்ணிதான் புதுசு. வாய்ல வச்சா தொவர்க்குது. தெருவுல புள்ளைங்களுக்கெல்லாம் வவுத்தால போவுது."

நான் சளைக்கவில்லை. "பக்கத்து வீட்டுப் பானைல கறுக்குதா?" என்று மடக்கினேன்.

"அதத்தானே நானும் கேக்கறேன்! மண்பானைல சும்மா கீது, இரும்பு டிரம்முல மட்டும் இன்னாத்துக்குக் கறுக்குது? படிச்சவரு, சொல்லு."

பதில் தெரியாத அதிகாரி செய்வதைத்தான் செய்தேன். 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் வெளியே கிளம்பினேன். வாசலில் செருப்பில் காலை நுழைக்கக் குனிந்தேன். மஞ்சள் தோலில் அந்தக் கறுப்புத் திட்டு. பட்டைத் தண்ணீர், இரும்பு, மை. நான் பள்ளத்தில் கொட்டச் சொன்னதில் பட்டைச் சக்கையும் உண்டு.

மூலையில் கிடந்த பழைய அளவுக் கம்பியைத் தேடி எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினேன். ஊற்றுத் தண்ணீரை ஒரு மண்பானையில் மொண்டு, கம்பியை அதில் நிறுத்தி வைத்தேன். பள்ளத்துக்கு மேற்கே, ஆறு வரும் பக்கம், மணலைக் கையால் தோண்டினேன். இரண்டடியில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. சித்திரையில் பத்தடி காய்ந்து கிடந்த அதே ஆறு. மேலே ஒரு சொட்டு ஓடவில்லை. ஆனால் மழைக்குப் பிறகு மணலுக்கு அடியில் பாலாறு ஓடிக்கொண்டிருக்கிறது, என் பள்ளத்தின் வழியாக, கீழத்தெரு ஊற்றுக்கு. அந்தத் தண்ணீரையும் இன்னொரு பானையில் மொண்டு, ஒரு துருப்பிடித்த லாடத்தைப் போட்டேன். மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். மேற்குப் பானை அப்படியே இருந்தது. ஊற்றுப் பானையில் கம்பியைச் சுற்றி முதலில் ஊதா, அப்புறம் கறுப்பு. அந்தத் தெருக் குழந்தைகள் இதைத்தான் குடிக்கிறார்கள், கொடுத்தது நான். அன்றைக்கு அழுதேன், ஒளிப்பானேன்.

நாலு மணிக்கு தேவசகாயம் சார் முன்னால் போய் நின்றேன். பானையை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு துளி எடுத்துக் காகிதத்தில் இழுத்தார். கோடு விழுந்தது.

"நடந்து பாத்தேன்னு எழுதினீங்க. எந்த மாசம்?"

"சித்திரை சார்."

பேனாவை மூடி வைத்தார். "நானும் மாசத்தைக் கேக்கல. தப்புல எனக்கும் பாதி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை.

"திட்டத்தை வாபஸ் வாங்கிடலாம் சார்."

"முடியாது. போர்டு தீர்மானம் ஆயிடுச்சு. இப்ப அதை நிறுத்தறதுக்கு ஒரே வழி ஆட்சேபணை. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள யாராவது எழுத்துல கொடுக்கணும்."

"ராஜம்மாவை வரச் சொல்றேன் சார்."

"வரட்டும். ஆனா, இட்லிக்கடைக்காரி டிரம்மு பழசுன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. நீங்களே தள்ளினீங்களே." விதிப் புத்தகத்தை எடுத்து விரலை வைத்து வாசித்தார். "ஊரில் வசிக்கும் எவரும் கொடுக்கலாம்னு இருக்கு. ஓவர்சியரைத் தவிரன்னு போடல. நீங்க இந்த ஊர்லதானே குடியிருக்கீங்க?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. என் திட்டத்துக்கு நானே ஆட்சேபணை.

"வேலூர் உத்தியோகம் கைவிட்டுப் போய்டும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்போ எழுதுங்க. கையெழுத்து திருத்தமா இருக்கட்டும்" என்று தன் மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார். அந்த மையை அவர் வேறு யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

எழுதிக் கொடுத்தேன். அவரே பதிவேட்டைத் திறந்து, அவர் கையாலேயே பதிந்தார். பிறகு பானையைக் காட்டி, "மூணு மணி நேரம் போர்டு காத்திருக்குமா? சீக்கிரம் கறுக்கணும்" என்றவர், அலமாரியைத் திறந்து அன்னபேதிச் சீசாவை எடுத்தார். "கடுக்காய்த் தண்ணில இதைப் போட்டா மை. பட்டைத் தண்ணில போட்டாலும் மைதானே?" என்றார். ஊற்றிலிருந்து புதிதாக ஒரு சொம்பு தண்ணீர் வரவழைத்து, அதில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். எண்ணி ஐந்தே நிமிஷம். அந்த மனிதர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான்கு நாள் கழித்து விசாரணை. அன்று காலை ஐந்து இடங்களில் தண்ணீர் எடுத்தோம். ஒவ்வொரு சீசாவையும் அந்தந்தத் தண்ணீராலேயே மூன்று தடவை அலசி, கழுத்துவரை நிரப்பி, தக்கை வைத்து, அரக்கு முத்திரை போட்டோம். தேவசகாயம் சார் எண் ஒட்டும்போது என்னை வெளியே அனுப்பிவிட்டார். சாட்சிக்கு நின்றது காதர் பாயின் மேஸ்திரி, ஏழெட்டு வருஷத்துக்கு முன் என்னைப் பார்த்து அலறிய அதே மேஸ்திரி. எந்த எண் எந்த இடம் என்ற பட்டியல் தேவசகாயம் சாரின் கோட்டுப் பையில். எனக்குக்கூடக் காட்டவில்லை. பட்டியலை வாசிக்கும்வரை மேஸ்திரி வாயைத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு.

போர்டு அறையில் கால் வைக்க இடமில்லை. டேனரி முதலாளிகள் முன்வரிசையில், கீழத்தெருக்காரர்கள் ஜன்னலில், எல்லாருக்கும் முன்னால் ராஜம்மா.

காதர் பாய் எழுந்தார். "இன்னா ஓவர்சியர் சாப், தமாஷா? பிளான் போட்டதும் நீங்க, வேணாம்ன்றதும் நீங்க. எங்க வண்டிங்களெல்லாம் எங்க போவும்? பெரிய பேஜாராக்கீதே!"

அறையே சிரித்தது. எனக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஐந்து கண்ணாடி டம்ளர்களில் தண்ணீரை ஊற்றினேன். ஐந்தும் ஒரே மாதிரி தெளிவாக நின்றன. அன்னபேதிச் சீசாவைக் கையில் எடுத்ததும் அவர் தடுத்தார்.

"அந்தப் பொடில இன்னா கலந்து வச்சிருக்கீங்களோ, யாருக்குத் தெரியும்? நான் வாங்கியாறச் சொல்றேன், நானே போடறேன்."

இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? ஆள் ஓடிப்போய் மருந்துக் கடையிலிருந்து பொட்டலம் வாங்கிவந்தான். காதர் பாய் தன் கையாலேயே ஐந்து டம்ளரிலும் ஒவ்வொரு சிட்டிகை போட்டு, மூங்கில் குச்சியால் கலக்கினார். முதல் டம்ளர் அப்படியே இருந்தது. மூன்றும் நான்கும் அப்படியே. இரண்டாவது டம்ளர் மெதுவாக ஊதா ஆயிற்று. ஐந்தாவதும் ஊதா ஆயிற்று. பிறகு இரண்டும் கறுத்தன.

தேவசகாயம் சார் பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பிரித்தார். "ஒன்று, பள்ளத்துக்கு மேற்கே. மூன்று, கடைத்தெருக் கிணறு. நான்கு, ஓவர்சியர் வீட்டுக் கிணறு. இரண்டு, பள்ளத்துக்கும் கீழத்தெருவுக்கும் நடுவே. ஐந்து..." நிறுத்தி, ஜன்னலைப் பார்த்தார். "கீழத்தெரு ஊற்று."

"நான் சொன்னப்போ டிரம்மு பழசுன்னாரு!" என்று ராஜம்மா கத்தினாள். நான் எழுந்து நின்று, அத்தனை பேருக்கும் முன்னால், "சொன்னேன். தப்பு என்மேலதான்" என்றேன்.

காதர் பாய் ஐந்தாவது டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். அந்தக் கறுப்பை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை தோல் அதில் கெட்டுப்போயிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். தன் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்க குடியிருக்கே?"

"கீழத்தெருலதான் பாய். உங்களுக்குத் தெரியாதா?"

"உன் புள்ளைங்க இதயா குடிக்குது?"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். காதர் பாய் டம்ளரை மெல்ல மேஜைமேல் வைத்தார். மற்ற முதலாளிகள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அவர் கையைக் காட்டி அடக்கிவிட்டு, தலைவரைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குக் காலைல எங்க வண்டிங்க ஆத்துக்கு வரும். கொட்டறதுக்கில்ல, அள்றதுக்கு."

ஜன்னலில் எழுந்த கூச்சலில் தலைவர் தீர்மானத்தை வாசித்தது யார் காதிலும் விழவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. இதை என் மனைவி படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வண்டிகள் சொன்னபடி வந்தன. பள்ளத்தை அடிவரை சுரண்டி எடுக்கப் பொங்கல் தாண்டிவிட்டது. அதுவரைக்கும், பிறகு ஒரு மழைக்காலம் முடியும்வரைக்கும், கீழத்தெருவுக்கு மாட்டு வண்டியில் மரப்பீப்பாய் வைத்துத் தண்ணீர் அனுப்பினோம். பட்டைச் சக்கையைக் காயவைத்தால் செங்கல் சூளைக்காரர்களே அள்ளிக்கொண்டு போனார்கள். மீதிக் கழிவைப் புது இடம் தயாராகும்வரை பாறைமேட்டில் குவித்து வைத்துவிட்டு, ஆற்றுக்கு மூன்று மைல் தள்ளி, தண்ணீர் கீழே இறங்காத ஒரு களிமண் தரையைத் தேடிப் பிடித்தேன். அந்தத் தரையைச் சித்திரையில் நடந்து பார்த்தேன், ஆடியில் பார்த்தேன், ஐப்பசி மழையில் முழங்கால் சேற்றில் நின்று பார்த்தேன், தையிலும் பார்த்தேன். அதே திட்டுப் போட்ட செருப்பில்தான். வேலூர் உத்தியோகம் வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு வர இன்னும் மூன்று வருஷம் ஆனது. அதற்குள் அந்தக் களிமண் இடம் கொட்டத் தயாராகிவிட்டது, அதனால் எனக்கு வருத்தமே இல்லை.

மறு வருஷம் பாலாற்றில் வெள்ளம் வந்து போன பிறகு, ஒரு நாள் ராஜம்மா ஆளனுப்பினாள். போனேன். அந்தப் பழைய இரும்பு டிரம்மில் முந்தின நாள் ஊற்றிய ஊற்றுத் தண்ணீர், அடியிலிருந்த துரு தெரியும்படி தெளிவாக நின்றது. பையில் அன்னபேதி கொண்டுபோயிருந்தேன். போட்டுக் கலக்கி, ஐந்து நிமிஷம் அல்ல, பதினைந்து நிமிஷம் நின்றேன். கறுக்கவில்லை.

"இன்னும் இன்னா பாக்கறே? குடி" என்று ஊற்றிலிருந்து புதிதாக ஒரு சொம்பு மொண்டு வந்து நீட்டினாள். நின்றபடியே முழுச் சொம்பையும் குடித்தேன். மேஸ்திரி வீட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த இரண்டு பொறியாளர்களும் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அடுத்த பக்கத்தைப் புரட்டலையா?" என்று கேட்டேன். புரட்டினார்கள். தேவசகாயம் சார் ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள் அந்தக் கோப்பை முடித்துவைத்தார். 'முடிவு' என்ற கட்டத்தில், அவரே காய்ச்சிய மையில், முத்து முத்தாக ஒரே வரி.

'ஆட்சேபணை ஏற்கப்பட்டது. மேற்படியார் நடந்து பார்த்தார்.'